பெட்டியின் மேல் அம்மா முகம்

ரைபிள் ரேஞ்ச் பிளாட்,
பினாங்கு.
14 அக்டோபர் 2023

அன்பு மகள் ஷாஹிராவுக்கு அத்தா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அம்மாவும் இங்கே சுகம். நீயும் மருமகன் ஹாரிஸும் ஷா ஆலமில் சுகமாக இருக்க தினமும் துஆ கேட்கிறோம்.

கையில் போன் இருக்கும்போது தாளும் பேனாவும் எதற்கு என்று சிரிப்பாய். போன வாரம் 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை' என்று உனக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். 'ஹாய் டியர், புங்கா செஞ்சாவைத் தொடர்பு கொண்டதற்கு நன்றி, உங்கள் ஆர்டரை விரைவில் கவனிக்கிறோம்' என்று உடனே பதில் வந்தது. பெற்ற மகள் என்னை டியர் என்று கூப்பிடுகிறாளே என்று ஒரு நிமிஷம் குளிர்ந்து போனேன். எதிர்வீட்டு ரொஸ்னாதான் விளக்கினாள். அது உன் கம்பெனி அட்மினாம். உன் நம்பரே இப்போது கடை நம்பராகிவிட்டதாம். கடிதத்தை அட்மின் பிரிக்க மாட்டார் என்று நம்பி எழுதுகிறேன். என் தமிழ் ஆறாம் வகுப்போடு நின்றது. மலாய் மூன்றாம் படிவம் வரை போய் பெயிலாகி நின்றது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

விஷயம் அம்மாவைப் பற்றி. அவளுக்கு மாதாமாதம் வருவது நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நின்றது சும்மா நிற்கவில்லை. உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி முகமெல்லாம் சிவந்து, தலைமுடி நனைந்து போகிறது. அடுத்த நிமிஷம் குளிருது என்று என் சாரத்தை எடுத்துப் போர்த்திக்கொள்கிறாள். தூக்கம் இல்லை. நேற்று ஐஸ்பெட்டியைத் திறந்துவைத்து, அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினாள்.

"என்ன லா இது, கரண்ட் பில்லு யாரு கட்டுறது?" என்றேன்.

"உங்க மூஞ்சிக்கு நேரா உக்காந்தா சூடு ஏறுது. இதுக்கு நேரா உக்காந்தா எறங்குது. நான் என்ன செய்ய?" என்றாள்.

சூலியா ஸ்த்ரீட்டில் இத்தனை வருஷம் தேத்தண்ணி ஆற்றிய கைக்குக் கட்டியவளை ஆற்றத் தெரியவில்லை.

அரசாங்க கிளினிக்குக் கூட்டிப் போனேன். நர்ஸம்மா நல்ல மாதிரி. இது நோய் இல்லை, இந்த வயதில் எல்லாப் பெண்ணுக்கும் வருவதுதான் என்றாள். பருத்தித் துணி உடுத்தணும், படுக்கிற அறை குளிர்ச்சியாக இருக்கணும், தினமும் நடக்கணும், காரத்தையும் தேத்தண்ணியையும் குறைக்கணும், சோயா, தெம்பே சேர்த்துக்கொள்ளணும் என்றாள். தேத்தண்ணியைக் குறைக்கச் சொன்னபோது அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, குற்றவாளியைப் போலீஸ் பார்ப்பது போல. கடைசியாக அம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டு என்னமோ சொல்லி அனுப்பினாள். என்னவென்று கேட்டேன். "பொம்பளை சமாச்சாரம். நீங்க போய் தேத்தண்ணி ஆத்துங்க" என்றுவிட்டாள்.

நீ பெண்களுக்கான மருந்து விற்கிறவள். உனக்குத் தெரிந்ததை எழுது. அதைவிட, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ. அம்மா கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

உன் சுகத்தைப் பதில் தாளில் காண ஆசைப்படும்
அத்தா இஸ்மாயில்


ஷா ஆலம்
9 நவம்பர் 2023

அன்புள்ள அத்தாவுக்கும் அம்மாவுக்கும் ஸலாம். நாங்கள் இருவரும் நலம். உங்கள் நலத்தைத்தான் முதலில் கேட்கிறேன்.

அத்தா, உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஹாரிஸ் அதைப் படம் எடுத்து எங்கள் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டார். அந்த ஐஸ்பெட்டி கதையை ஆயிரக்கணக்கான பெண்கள் பார்த்துவிட்டார்கள். 'எங்க வீட்லயும் இதே கதைதான்' என்று எல்லாரும் எழுதுகிறார்கள். கோபப்படாதீர்கள். இனிமேலும் கடிதமே எழுதுங்கள். அழகாக இருக்கிறது.

நர்ஸ் சொன்னது சரிதான். ஆனால் அது மட்டும் போதாது. அம்மாவின் உடம்பில் பெண்களுக்கான ஹார்மோன் குறைந்துபோய்விட்டது. அந்தக் குறையை இயற்கையாக நிரப்பத்தான் புங்கா செஞ்சா. எல்லாம் வேர், இலை, பூ. கெமிக்கல் கிடையாது, பக்க விளைவு கிடையாது. இந்தப் பார்சலில் மூன்று பெட்டி இருக்கிறது. காலையில் ஒன்று, அந்திக்கு ஒன்று. என் அம்மாவுக்கு நானே கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பேன்?

டிசம்பரில் நாங்கள் வருகிறோம். அம்மாவை நல்ல பாஜு போட்டு இருக்கச் சொல்லுங்கள். ஒரு போட்டோ எடுக்கணும்.

உங்கள் பிரியமுள்ள மகள்
ஷாஹிரா


பினாங்கு
30 டிசம்பர் 2023

அன்பு மகளுக்கு அத்தா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் நல்லபடி ஊர் போய்ச் சேர்ந்தது அட்மின் மூலம் தெரிந்துகொண்டேன். நாங்கள் சுகம்.

நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நீ வீட்டுக்கு வந்தது இதுதான் இரண்டாவது முறை என்று நான் வாய் தவறிச் சொன்னேன். "கணக்குப் பாக்குற ஆளப் பாரு, மூணாம் படிவத்துல கணக்குல எவ்வளவு எடுத்தீங்க?" என்று கேட்டாள். 

நீங்கள் மூன்று மணி நேரம் போட்டோ எடுத்தீர்கள். நான் எடுத்துக் கொடுத்த பச்சை பாஜுதான் ஜெயித்தது என்பதை மறக்காதே. முகத்தில் என்னமோ பூசி, விளக்கைப் பிடித்து, 'ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் நிம்மதியா சிரிங்க' என்று நீங்கள் கூட்டிவந்த போட்டோக்காரர் சொன்னபோது, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் எப்படி நிம்மதியாகச் சிரிப்பாள் என்று நினைத்தேன். ஆனால் சிரித்தாள். உன்னைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

இப்போது நன்றாகத் தூங்குகிறாள். சூடு குறைந்திருக்கிறது. தேத்தண்ணியை நிறுத்தினாள், சம்பாலைக் குறைத்தாள், ரொஸ்னாவோடு தினமும் காலையில் யூத் பார்க்கில் நடக்கிறாள். எது வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது. அவளைக் கேட்டால் "என் மக கொடுத்த மருந்து" என்கிறாள். நடந்த காலுக்கு ஒரு நன்றியும் கிடையாது.

அவள் முகம் போட்டு நீ மாதிரிக்கு அனுப்பிய முதல் பெட்டி வந்ததும் கண்ணாடி அலமாரியில் எங்கள் கல்யாணத்துக்கு வந்த தட்டுக்கு முன்னால் நிற்கவைத்தாள். தட்டு இப்போது தெரிவதில்லை.

இன்னும் அடிக்கடி வா. சுகத்தோடு இரு.

அத்தா


ஷா ஆலம்
3 பிப்ரவரி 2024

அன்புள்ள அத்தா, அம்மா, ஸலாம். நலம்தானே? வேலை தலைக்கு மேல். சுருக்கமாக எழுதுகிறேன், மன்னியுங்கள்.

பெட்டி போன இடமெல்லாம் அம்மாவைத்தான் கேட்கிறார்கள். 'அந்த ஆன்ட்டி யாரு, நிஜமான ஆளா?' என்று. அதனால் ஹரி ராயா பெருநாளுக்குப் பிறகு ஏப்ரல் கடைசியில் பினாங்கில் பெரிய வெளியீட்டு விழா, குர்னி பக்கம் ஹோட்டலில். அம்மா மேடையில் ஏறி ஐந்து நிமிஷம் பேசணும். வீட்டுக் கடன் எல்லாம் இதை நம்பித்தான் வாங்கியிருக்கிறோம் அத்தா. அம்மா இல்லாவிட்டால் எனக்கு விழாவே இல்லை.

மருந்தை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். இனி காலையில் இரண்டு, அந்திக்கு இரண்டு. மேடையில் முகம் பளிச்சென்று இருக்கணும்.

அவசரத்தில்
ஷாஹிரா


பினாங்கு
26 பிப்ரவரி 2024

தங்க மகளுக்கு அம்மா எழுதுறது. ஸலாம். நல்லா இருக்கியா, நேரத்துக்குச் சாப்பிடுறியா? நான் நல்லா இருக்கேன். இது அத்தாவுக்குத் தெரியாம ரொஸ்னாகிட்ட குடுத்துப் போடச் சொல்றேன். எழுத்து கோணலா இருந்தா சிரிக்காத.

உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். என் சிநேகிதி ஒருத்தி, நம்ம மருந்துதான் சாப்பிடுறா. அவளுக்கு நின்னுபோனது திரும்ப வந்துடுச்சாம். கொஞ்சம் கொஞ்சமா, விட்டு விட்டு வருதாம். இது மருந்து வேலை செய்யுறதா, இல்ல வேற ஏதாவதா? அவ யார்கிட்டயும் சொல்லல. நோன்பு வருது. இந்த வருசம் முப்பதும் விடாம புடிக்கணும்னு அவளுக்கு ஆசை. வயசுக்கு வந்ததுலேர்ந்து மாசாமாசம் வர்றதால அவ ஒரு தடவ கூட முழுசா புடிச்சதில்ல. அது நின்ன பிறகு போன வருசம்தான் முதல்முதலா முப்பதும் புடிச்சா. அப்ப எவ்வளவு சந்தோசப்பட்டா தெரியுமா?

மேடைல பேச வேண்டியத மனப்பாடம் பண்ணிட்டேன். அத்தா முன்னால சொல்லிக் காட்டுனேன், கைதட்டுனார்.

உன் வேலை நல்லா நடக்கட்டும்.
அம்மா


ஷா ஆலம்
11 மார்ச் 2024

அன்புள்ள அம்மா, ஸலாம். நாளை முதல் நோன்பு. நல்ல நோன்பாக அமையட்டும்.

உங்கள் சிநேகிதியைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். சில கஸ்டமர்களும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். மருந்து உள்ளே போய்ப் பழைய அழுக்கை வெளியே தள்ளுகிறது. ஒரு வகையில் இளமை திரும்புகிறது என்றுதான் அர்த்தம். ஒன்றும் ஆகாது. நடுவில் நிறுத்தினால்தான் கெடுதல்.

ஒரே ஒரு விஷயம் அம்மா. மேடையில் இதைப் பற்றிப் பேச வேண்டாம். பெண்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். சிநேகிதியையும் வெளியே சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பச்சை பாஜுவை அயர்ன் பண்ணி வையுங்கள்.

அன்பு மகள்
ஷாஹிரா


பினாங்கு
6 மே 2024

மகளுக்கு அத்தா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். உன் சுகத்தையும் மருமகன் சுகத்தையும் விசாரிக்கிறேன். எங்கள் சுகத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

விழாவில் அம்மா நன்றாகப் பேசினாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஹோட்டல் தேத்தண்ணியில் பால் சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நீ அவளைக் கட்டிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டாய். அப்புறம் மருந்து விற்கும் ஏஜெண்டுகளோடு போய்விட்டாய். அம்மா மேடைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரியாது. பச்சை பாஜுவுக்குப் பின்னால் ரொஸ்னா தன் துப்பட்டாவைக் கட்டிவிட்டுத்தான் வெளியே கூட்டிவந்தாள்.

ஷாஹிரா, அம்மாவுக்கு ஜனவரியிலிருந்து ரத்தம் போயிருக்கிறது. நோன்பு மாதம் முழுக்கப் போயிருக்கிறது. வீட்டில் வேளைக்கொரு தடவை துணி துவைத்துக் காயப்போட்டாள். நோன்புக்குச் சுத்தம் பார்க்கிறாள் என்று நினைத்து, ஹோட்டல் லாண்டரியில் வேலை தேடுறியா என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தேன்.

நோன்பு தொடங்கியதும் அவளுக்கு ஒரே கவலைதான். இது மாதவிடாயா இல்லையா, தொழலாமா, நோன்பு பிடிக்கலாமா. ரொஸ்னாவைக் கூட்டிக்கொண்டு, பெண்களுக்கு மார்க்கம் சொல்லிக்கொடுக்கும் உஸ்தாஸாவிடம் போயிருக்கிறாள். பதினைந்து நாளைத் தாண்டிவிட்டால் அது மாதவிடாய்க் கணக்கில் வராது, சுத்தம் செய்துகொண்டு தொழுங்கள், நோன்பு பிடியுங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதோடு, இந்த வயதில் இப்படிப் போவது நல்லதில்லை, நாளைக்கே டாக்டரைப் பாருங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு முதலில் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. நோன்பு பிடிக்கலாம் என்றதும் அவள் அழுதுவிட்டாளாம். டாக்டர் விஷயத்துக்கு, "மகளோட விழா முடியட்டும்" என்றாளாம்.

விழா முடிந்த மறுநாள் ரொஸ்னா என்னிடம் சொன்னாள். கிளினிக்குக் கூட்டிப் போனேன். அதே நர்ஸம்மா. என்னை விட்டுவிட்டு அம்மாவைத் திட்டினாள், அம்மாவை விட்டுவிட்டு என்னைத் திட்டினாள். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இதைப் பற்றி உனக்கு எழுதிக் கேட்டதாகச் சொல்கிறாள் அம்மா. நீ என்ன பதில் போட்டாய் என்று கேட்டால், தாளைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்கிறாள். நீயே சொல்.

பதிலுக்குக் காத்திருக்கும்
அத்தா


பினாங்கு
20 ஜூன் 2024

மகளுக்கு அத்தா. ஸலாம். போன கடிதம் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். வாட்ஸ்அப்பிலும் கேட்டேன். 'ஹாய் டியர், இம்மாதம் இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்று பதில் வந்தது. எனக்கு இலவசம் வேண்டாம் என்று எழுதினேன். அதற்கு ஒரு பூ வந்தது.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஆனால் நேற்று ஆறு பெட்டி வந்தது. உள்ளே ஒரு வரி இல்லை. பெட்டியில் அம்மா சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் கழுத்துக்குக் கீழே புதிதாக ஒரு ஸ்டிக்கர். எறும்பு எழுத்து. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன், மூன்றாம் படிவம் பெயிலானவனுக்கும் புரிகிற மலாய்தான். மாதவிடாய் நின்றவர்களுக்கு ரத்தப்போக்கு ஏற்பட்டால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்கவும்.

அலமாரியிலிருந்த பழைய பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே முகம், அதே சிரிப்பு. அதில் ஸ்டிக்கர் இல்லை.

ஊருக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாய். நல்லது. ஒரு போன் போட்டு அம்மாவிடம் சொல்லியிருந்தால் ஒரு ஸ்டிக்கர் மிச்சமாகியிருக்கும்.

சோதனை முடிவு வந்துவிட்டது. புற்றுநோய். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். நுரையீரலிலும் இரண்டு இடத்தில் இருக்கிறதாம். டாக்டரிடம் இந்தப் பெட்டியைக் காட்டினேன். இதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். ஆனால் ரத்தம் முதலில் பட்ட அன்றைக்கே வந்திருந்தால் பேச்சே வேறு என்றார். நடப்பதையும் சோயாவையும் பற்றிக் கேட்டேன். அதெல்லாம் நல்லதுதான், யார் வேண்டாம் என்றார்கள் என்றார்.

அடுத்த மாதக் கடைசியில் மருந்து ஏற்றத் தொடங்குவார்கள். தலைமுடி உதிருமாம். எனக்கு ஏற்கெனவே இல்லாததால் ஜோடிப் பொருத்தம் கூடும் என்று சொன்னேன். தையல் வலிக்குது, சிரிக்க வைக்காதீங்க என்றாள்.

ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, "ஷாஹிரா கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். சொன்னேன், வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். கண் விழித்ததும் அதையேதான் கேட்டாள். டோல் பாதையில் ஜாம் என்றேன்.

அத்தா


ஷா ஆலம்
18 ஜூலை 2024

அன்புள்ள அத்தா, ஸலாம். உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. படித்துவிட்டு அழுதேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்களா தெரியாது. அம்மாவுக்காக ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

ஸ்டிக்கர் ஹாரிஸின் யோசனை. அம்மா கேட்டு எழுதிய பிறகு இன்னும் சில பேர் அதையே சொன்னார்கள். வக்கீல்தான் அப்படி ஒட்டச் சொன்னார். அவர் இதைப் பற்றி யாரிடமும் எழுத்தில் எதுவும் கொடுக்க வேண்டாம் என்றிருக்கிறார். அதனால்தான் பதில் போடவில்லை. இந்தக் கடிதத்தையும் தயவுசெய்து படித்ததும் கிழித்துவிடுங்கள். மருந்தால் வந்தது என்று டாக்டரே சொல்லவில்லை என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தா, இதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. பெட்டியில் இருக்கும் ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்லையாம் என்று யாரோ எங்கள் இணையப் பக்கத்தில் எழுதிவிட்டார்கள். ஏஜெண்டுகள் சரக்கைத் திருப்பி அனுப்புகிறார்கள். தலைமுடி உதிர்வதற்கு முன்னால் அம்மாவை வைத்து ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் வீடியோ எடுத்துக் கொடுங்கள். பச்சை பாஜு, லேசாகப் பவுடர், உட்கார்ந்தபடி பேசினால் போதும். 'நான் நலமாக இருக்கிறேன்' என்று ஒரு வரி. அம்மா எனக்காகச் செய்வார்கள். எனக்குத் தெரியும்.

நிலைமை கொஞ்சம் சரியானதும் கண்டிப்பாக வருகிறேன்.

உங்கள் மகள்
ஷாஹிரா


பினாங்கு
2 ஆகஸ்ட் 2024

ஷாஹிராவுக்கு அத்தா எழுதிக்கொள்வது. ஸலாம்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு உன் கடிதம் என்றால் மருந்தை விடப் பெரிது. வீடியோ வருகிற இடத்தைத் தாண்டி, கண்டிப்பாக வருகிறேன் என்பதற்குப் போய்விட்டேன். "எச்சில முழுங்கிட்டுத் தாண்டுறீங்க. ஒழுங்கா படிங்க" என்றாள். படித்தேன். தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். அப்புறம், "அந்தப் பச்சை பாஜு எங்க வச்சீங்க?" என்றாள்.

பாஜு இப்போது அவளுக்குத் தொளதொள என்று தொங்குகிறது. பின்பக்கம் இழுத்துத் துணிக் கிளிப் நாலு மாட்டினேன். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. பவுடரும் நான்தான் போட்டேன். ரொட்டிக்கு மாவு தூவியது போல் இருக்கிறது என்று ரொஸ்னா திட்டிவிட்டுத் துடைத்துப் போட்டாள். போனைப் பிடித்தது நான். முதல் தடவை என் கட்டைவிரலைத்தான் முழு நிமிஷமும் எடுத்திருக்கிறேன். இரண்டாவது தடவை நன்றாக வந்தது.

"என் பேரு சித்தி ஆயிஷா. எனக்கு நல்லா இருக்கு. இது என் மக செஞ்ச மருந்து" என்று சொன்னாள். பெட்டியில் சிரித்த மாதிரியே சிரித்தாள். அப்புறம் கிளிப்பை எல்லாம் கழற்றச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அன்றைக்குக் கேட்டேன், முதல் நாள் கிளினிக்கில் நர்ஸம்மா உன்னைத் தனியாகக் கூப்பிட்டு என்ன சொன்னாள் என்று. இப்போது சொன்னாள். 'இனிமேல் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மறுநாளே வந்துடுங்க, வெக்கப்படாதீங்க' என்றாளாம்.

"தெரிஞ்சுமா போகல நீ?"

"என் மக ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிருக்கா. நர்ஸ் யாரு, நான் பெத்தவளா?" என்றாள்.

நான் போய் தேத்தண்ணி ஆற்றினேன்.

உன் கடிதத்தைக் கிழிக்கச் சொல்லியிருந்தாய். அம்மா தரவில்லை. தலையணை உறைக்குள் இரண்டாவதாகப் போய்விட்டது.

வீடியோ என் போனில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அட்மின் டியர் என்பார். எனக்கு வேறு விதமாக அனுப்பத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் போவதில்லை. நீ நேரில் வந்து வாங்கிக்கொள். அம்மா கையால் கொடுப்பாள்.

அத்தா


பினாங்கு
24 ஆகஸ்ட் 2024

ஷாஹிராவுக்கு,

இன்று மத்தியானம் கதவு தட்டினார்கள். முதல் தடவை மருந்து ஏற்றி வந்ததிலிருந்து எழாதவள், "யாரு பாருங்க, யாரு பாருங்க" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். திறந்தால் சட்டைப் பையில் உன் கம்பெனிப் பூ போட்ட ஓர் ஆள். முப்பது வயது இருக்கும்.

"அங்கிள், நான் ஐமான், புங்கா செஞ்சா அட்மின். வீடியோ எடுத்துட்டுப் போக வந்தேன்" என்றார்.

"நீங்கதானா என்னை டியர்னு கூப்பிடுறது?" என்று கேட்டேன். பாவம், முகம் சிவந்துவிட்டது. சுங்கை பாக்காப்காரராம், நல்ல தமிழ். உட்காரச் சொல்லி ஒரு தேத்தண்ணி போட்டேன்.

"ஷா ஆலம்லேருந்து இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றேன்.

"இல்ல அங்கிள், மேடத்தோட வந்தேன். நேத்தே வந்துட்டோம். குர்னி ஹோட்டல்ல ஏஜெண்ட் மீட்டிங். நாளைக்குக் காலைல கிளம்புறோம்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்தது. டம்ளரை அப்படியே கீழே வைத்தார்.

அறைக்குள்ளிருந்து அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். நம் வீடுதான் உனக்குத் தெரியுமே, ஒரு அறையில் தும்மினால் மற்ற அறையில் ஸலாம் சொல்ல வேண்டும். "பாத்தீங்களா, பினாங்குலதான் இருக்கா. வேலை முடிஞ்சதும் வருவா. அவருக்கு வீடியோவக் குடுத்து அனுப்புங்க, அவளுக்கு அவசரமா இருக்கும்" என்றாள்.

கொடுத்தேன். ஐமான் கம்பி போட்டுத் தன் போனில் ஏற்றிக்கொண்டு, சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு அறைப் பக்கம் திரும்பினார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு, முடி உதிர்ந்த வெறும் தலையோடு நின்றுகொண்டிருந்தாள். அவர் மறுபடியும் போனைப் பார்த்தார். "மேடம் எங்ககிட்ட லேசா காய்ச்சல்னுதான் சொன்னாங்க, அங்கிள்" என்று மெல்லச் சொன்னார். தேத்தண்ணியைக் குடிக்காமல் போய்விட்டார். என் தேத்தண்ணியைக் குடிக்காமல் போன முதல் ஆள் அவர்தான்.

இந்தக் கடிதத்தை நாளைக் காலையில் அந்த ஹோட்டல் கவுண்டரில் கொடுத்துவிட்டு வருவேன். கிளம்புவதற்கு முன் உன் கைக்கு வந்தால் வாசி. வராவிட்டால் அட்மின் வாசிக்கட்டும்.

அம்மா பச்சை பாஜுவை எடுத்துப் போடச் சொன்னாள். போட்டுவிட்டேன். கிளிப் வேண்டாம் என்றாள், நீ கட்டிப் பிடிக்கும்போது குத்துமாம். தலைக்குத் துடோங் கட்டி, கதவைப் பார்த்த மாதிரி நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்திருக்கிறாள். படுக்கச் சொன்னால் கேட்கவில்லை. லிஃப்ட் சத்தம் வரும்போதெல்லாம் முகத்தைச் சரிபண்ணி, அந்தச் சிரிப்பை எடுத்து வைக்கிறாள். லிஃப்ட் வேறு மாடிக்குப் போனதும் கீழே இறக்கிவிடுகிறாள்.

பதினேழு மாடி பிளாட், ஷாஹிரா. இங்கே லிஃப்ட் ஓயாது. நீதான் இங்கே வளர்ந்தவள்.

அத்தா